பந்து விழுந்த இடம்

போன வாரம் இராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி போகும் பஸ்ஸில் ஒரே சிக்ஸரை நாலு தடவை கேட்டேன். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவனின் போனில் முதலில் கூட்டம் கத்தியது. அது அடங்கியபின் நடு சீட்டில் ஒருவர் போனில் அதே பந்தை அதே ஆள் அடித்தான். பிறகு ஜன்னலோரம். கடைசியாக எனக்குப் பின்னால். "நெட்டு முன்னப்பின்ன வருதுங்க" என்று பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு விளக்கம் சொன்னார். நாலு பேரும் தனித்தனியாகச் சிரித்துக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது. வயதாகிவிட்டால் எரிச்சல்படுவதற்கு ஏதாவது அகப்பட்டுவிடுகிறது.

கடைசி சீட்டுக்கு முன்னால் யாரோ மிளகாய் மூட்டை ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய்தான். பஸ் குலுங்கக் குலுங்க நெடி எழுந்து எல்லோரும் தும்மினோம். நான் மட்டும் தும்மியபிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மிளகாய் நெடியும் கிரிக்கெட் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு அப்படித்தான் ஆகும். இது ஊர் போகும் வழியில் வேறு நடந்தது. அதுவும் அண்ணன் மகள் மாரி போன் போட்டு அழைத்துப் போகிற வழியில்.

"சித்தப்பா, அந்த மேட்ச்சு போன்ல கெடச்சிருச்சு. அம்மா ஒங்கள வரச் சொல்லுது. நீங்க வந்தாத்தான் போடணுமாம்."

எந்த மேட்ச் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு மேட்ச்தான்.

அதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் டிவியைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தள்ளுகிற மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி அது. கீழக்கரை மம்மது காக்கா தன் வீட்டுக்குக் கலர் டிவி கொண்டுவந்தபோது பழையதை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். காக்கா என்றால் கீழக்கரையில் அண்ணன். அவரும் என் அண்ணனும் சார்ஜாவில் ஒரே கம்பெனியில் கட்டட வேலை பார்த்தார்கள். டிவி வந்த அன்று அய்யா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதவை மூடி, பூட்டும் வாங்கலாமா என்று யோசித்தார். அய்யா என்றால் என் தகப்பனார். ஊருக்குள் அதிர்ந்து பேசாத மனிதர், டிவி விஷயத்தில் மட்டும் கோயில் தர்மகர்த்தா மாதிரி நடந்துகொள்வார்.

நம் அரசாங்க டிவி எங்கள் ஊருக்கு ஒழுங்காக வராது. மேற்கே ஆண்டெனாவைத் திருப்பினால் மழை பெய்கிற மாதிரி புள்ளிதான். கடல் பக்கம் திருப்பினால் இலங்கை வந்துவிடும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருப்பது பக்கத்திலும், நிலத்துக்கு இந்தப் பக்கம் இருப்பது தூரத்திலும் இருந்த காலம். அதனால் சாயல்குடியிலிருந்து கடலோரம் முழுக்க வீட்டுக்கு வீடு ஆண்டெனாக்கள் கிழக்கே பார்த்து நின்றன. வெயில் அடித்து, காற்று அசையாமல் கிடக்கிற நாளில் படம் அவ்வளவு தெளிவாக வரும். காற்று கிளம்பினால் போச்சு. அதே கடலில்தான் அந்த வருஷங்களில் படகு படகாக அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். டிவியில் அது எதுவும் வராது. சோப்பு விளம்பரமும், பால்மாவு விளம்பரமும், கிரிக்கெட்டும் வரும்.

கிரிக்கெட்டும் இலங்கை ஆடினால்தான் வரும். வர்ணனை முழுக்கச் சிங்களம். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் குரல் ஏறினால் பவுண்டரி, குரல் விழுந்தால் அவர்கள் ஆள் அவுட் என்று கண்டுபிடித்து வைத்திருந்தோம். என் கூட்டாளி முருகேசன் ஒருபடி மேலே போய் அந்தச் சிங்களத்தை எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பான். அவனுக்கும் தெரியாதுதான். ஆனாலும் அவன் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கும். கிரிக்கெட் பைத்தியம் அப்படி. நான் அப்போது சாயல்குடியில் ஒரு உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மேட்ச் என்றால் வயிற்றுவலி என்று சொல்லி வந்துவிடுவேன். முதலாளி பாவம், எனக்கு வயிற்றில் ஏதோ பெரிய கோளாறு என்று நம்பி மோர் வாங்கிக் கொடுப்பார்.

இப்படி ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்த டிவி முன்னால் பெண்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இரண்டு வருஷம் மழை பொய்த்து மிளகாய் காய்ந்துபோனதும் எங்கள் ஊரிலிருந்து ஆண்கள் சிலர் அரபு நாட்டுக்குப் போனார்கள். அண்ணனும் அப்படித்தான் போனார். போகும்போது மதினிக்கு வயிற்றில் மாரி. அந்தச் சமயம் வாலிநோக்கத்தில் ஒரு பெண், சார்ஜாவில் நடந்த மேட்ச்சில் கூட்டத்தைக் காட்டும்போது தன் புருஷனைப் பார்த்துவிட்டாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையோ பொய்யோ. ஆனால் அந்தப் பேச்சு எங்கள் ஊருக்கு வந்த அன்றோடு ஆண்களிடமிருந்து கிரிக்கெட் போய்விட்டது. சார்ஜாவில் மேட்ச் என்றால் வெளிநாட்டில் ஆள் இருக்கிற பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்து டிவிக்கு நேர் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் பின்னால் நின்றோம்.

அவர்களுக்கு ஆட்டம் தேவையில்லை, கூட்டம்தான் தேவை. எப்போது கூட்டத்தைக் காட்டுவான் என்பதை எங்களைவிடச் சீக்கிரமாகவே கற்றுக்கொண்டார்கள். விக்கெட் விழுந்தால் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வதைத்தான் காட்டுவான், அதனால் பிரயோஜனமில்லை. நாலு ரன்னுக்குக் கயிற்றுக்குப் பின்னால் கொஞ்சம் கால்கள் தெரியும். சிக்ஸர்தான் சரி. கேமரா வானத்துக்குப் போய், பந்தோடு இறங்கி, ஜனங்களுக்குள் வந்து நிற்கும். முகம் முகமாகத் தெரியும். ஆகவே அந்தப் பெண்கள் சிக்ஸருக்காக உட்கார்ந்திருந்தார்கள். யார் அடித்தாலும் சரி. பந்து மேலே ஏறினதும் எங்கள் மதினி முதலில் குலவை போடுவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். முளைப்பாரிக்குப் போடுகிற அதே குலவை.

முருகேசனுக்கு ஆத்திரம் தாங்காது.

"ஏய் மதினி, அடிச்சது அவன்! நம்மாளு போட்ட பந்துல அடிச்சிருக்கான். இதுக்குப் போயிக் கொலவ போடுறீகளே!"

"எவன் அடிச்சா என்னப்பா? பந்து எங்கிட்டுப் போகுதுன்னு பாரு."

"நம்ம தோத்துருவோம்!"

"தோத்தா அடுத்து ஆடுவாக. நீ மறைக்காமத் தள்ளு."

ஒவ்வொரு ஓவர் முடியும்போதும் விளம்பரம் போட்டுவிடுவான். அப்போதுதான் கூட்டத்தைக் காட்ட ஆரம்பித்திருப்பான். "சோப்பு வந்துருச்சு, பாவி" என்று பெண்கள் ஒரே குரலில் திட்டுவார்கள். எங்கள் ஊரில் அந்தக் கம்பெனி சோப்பை ரொம்ப நாள் யாரும் வாங்கியதில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு சித்திரையில் மம்மது காக்கா விடுமுறையில் வந்தார். வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணன் பேசிப் பதிந்த கேசட்டைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் கடிதத்தைவிட அதுதான் சௌகரியம். அண்ணனுக்கு எழுத்து அவ்வளவாக வராது, பேச்சு வரும். டேப்ரெக்கார்டரை நடுவீட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். அய்யாவின் மூட்டுவலி, கிணற்றுத் தண்ணீர், மிளகாய் எப்படி என்று எல்லாம் விசாரித்துவிட்டு, ஒரு இருமல் இருமி, பிறகு சொன்னார்.

"வர்ற வெள்ளிக்கெழம நமக்கும் இலங்கைக்கும் மேட்ச்சு. கம்பெனியில எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறாக. தலையில செவப்புத் துண்டு கட்டியிருப்பேன், கண்டுபிடிச்சிருவிய. மாரிக்குக் காட்டு. அது என்னயப் பாத்ததே இல்லைல."

மதினி அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மாரிக்கு அப்போது நடக்க வந்துவிட்டது. அவளுக்குத் தகப்பனார் என்றால் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோதான்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே எங்கள் வீடு திருவிழா வீடாகிவிட்டது. மதினி தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டார். மாரிக்கு அண்ணன் கொடுத்தனுப்பிய கவுன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மதினி, அண்ணனுக்கு ஒங்களத் தெரியவா போகுது? நாமதான அவரப் பாக்கப் போறோம்?"

"இருக்கட்டும் தம்பி. பாக்குறப்ப நல்லா இருக்க வேணாமா?"

நானும் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அய்யா சாங்கியமாக டிவிக் கதவைத் தள்ளித் திறந்தார். படம் வந்தது. மைதானம், ஆட்டக்காரர்கள், அப்புறம் கூட்டத்தை ஒரு சுற்றுக் காட்டினான். பார்த்தால் ஏகப்பட்ட தலைகளில் துண்டு. எல்லாமே சாம்பல் நிறம். முருகேசன்தான் கேட்டான்.

"செவப்பு எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிப்பிய?"

நம்ப மாட்டீர்கள், அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கேசட்டை அத்தனை தடவை கேட்டோம். தெருவெல்லாம் சொல்லி வைத்தோம். சிவப்புத் துண்டு, சிவப்புத் துண்டு என்று பேசிப் பேசி எங்கள் மனதில் டிவி கலராகிவிட்டது. அண்ணனுக்கும் தோன்றவில்லை. தான் இருந்த இடத்தில் கலர் டிவியையே பார்த்துப் பழகிவிட்டார் போல. நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மதினியும் சேர்ந்துதான். வாசலுக்கு வெளியே களத்தில் மிளகாய்ப் பழம் காயப்போட்டிருந்தது. களம் முழுக்கச் சிவப்பு. டிவியில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"மொகம் தெரியாமயா போகும்" என்று சொல்லிவிட்டு மதினி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் நம் ஆட்கள் ஆடி முடித்தார்கள். அதில் அண்ணன் தெரியவில்லை. இலங்கை ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பிவிட்டது. படம் முழுக்கப் புள்ளி. குரல் மட்டும் வந்தது.

"ஏலே, மேல ஏறுறா" என்றார் அய்யா.

மொட்டைமாடியில் ஆண்டெனாக் குழாயை ஒரு இரும்புக் கொக்கியில் மாட்டிக் கட்டியிருந்தோம். நான் ஏறிப் போய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கீழேயிருந்து "இல்ல", "இல்ல" என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அலுத்துப்போய் இரண்டு கையாலும் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடனே கீழே கூச்சல். படம் தெளிந்துவிட்டது. கையை எடுத்தேன், போய்விட்டது. பிடித்தேன், வந்துவிட்டது. ஆண்டெனா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் தெரியும், மனுஷ உடம்பு தொட்டால் சில சமயம் அது கேட்கும். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"விட்றாதிக தம்பி! பிடிச்சுக்கிட்டே இருங்க!" என்று மதினியின் குரல் கேட்டது.

சித்திரை வெயில். குழாய் கொதித்தது. துண்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன், அதற்குப் படம் வரவில்லை, வெறுங்கைதான் வேண்டியிருந்தது. மேலேயிருந்து எனக்குக் களத்து மிளகாய் தெரிந்தது, பனைகள் தெரிந்தன, அதற்கும் அப்பால் கோடு மாதிரிக் கடல். கீழே டிவியில் சிங்களக் குரல் ஏறிக்கொண்டே போனது. ஏறி, ஏறி, ஒரு கட்டத்தில் உடைந்தது. மதினியின் குலவை எழுந்தது. வழக்கமாக மூச்சு முடிகிறவரைக்கும் போவது. அன்றைக்குப் பாதியில் நின்றது.

"அந்தா! அந்தா! மாரி, அங்கன பாரு, அப்பா! அந்தா நிக்கிறாக!"

"தெரிஞ்சாரா? மதினி, அண்ணன் தெரிஞ்சாரா?" என்று கத்தினேன். "விட்றாதடா" என்று மட்டும் யாரோ கத்தினார்கள். நான் விடவில்லை. கீழே குதித்து ஓடினால் அண்ணனைப் பார்க்கலாம், ஆனால் நான் கையை எடுத்தால் அங்கே அண்ணன் இருக்க மாட்டார். இதை இப்போது இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன், அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

கீழே இறங்கி வந்தபோது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மதினி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பந்து அவுகளுக்குப் பக்கத்துலதான் வந்து விழுந்துச்சு தம்பி. எந்திரிச்சு நின்னு, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாக."

அண்ணனுக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். சின்ன வயதில் கபடியில் விழுந்து உடைந்தது. அதனால் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். இது வேறு யாருக்கும் சட்டென்று தோன்றாது. மதினி பார்த்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் இல்லை. அய்யாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. மற்றப் பெண்கள் அவரவர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாரி டிவியைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். முருகேசனை உலுக்கிக் கேட்டேன். "தெரியலடா. நான் பந்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். அதே சிக்ஸரைத் திரும்பவும் மெதுவாகப் போட்டுக் காட்டினானாம். மட்டையிலிருந்து பந்து கிளம்புகிறவரைக்கும்தான் காட்டினானாம். பந்து விழுந்த இடத்தை யார் திருப்பிக் காட்டுவார்கள்?

மதினி அன்றிரவே ஒரு கேசட் பேசினார். எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேசினார். முதல் வார்த்தை மட்டும் எங்களுக்குக் கேட்டது. "பாத்துட்டேன்." காக்கா விடுமுறை முடிந்து திரும்பும்போது அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். "இன்ஷா அல்லாஹ், அவன் கையில குடுத்து, கேக்க வச்சுட்டுத்தான் நான் சாப்புடுவேன் தங்கச்சி" என்றார்.

காக்கா சார்ஜா திரும்புவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் அண்ணன் போய்விட்டார். காக்காதான் கீழக்கரையிலிருந்து வந்து சொன்னார். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. சொல்லி முடித்துவிட்டுப் பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பை என்னால் மறக்க முடியவில்லை. தன்னை வீட்டில் பார்த்தார்களா இல்லையா என்பது தெரியாமலே அண்ணன் செத்துப்போனார். இத்தனை வருஷமாக எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

பெட்டி வந்து சேர நாளாகிவிட்டது. ஆணி அடித்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அய்யா திறக்கத்தான் வேண்டும் என்றார். சொந்தக்காரர்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். முகம் பார்க்காமலே கொண்டுபோனோம். அண்ணன் ஊரைவிட்டுக் கிளம்பியபின் எங்கள் வீட்டில் அவர் முகத்தைப் பார்த்தது என்றால் மதினி மட்டும்தான். அதுவும் பந்து விழுந்து சோப்பு விளம்பரம் வருகிற நேரத்துக்குள்.

அய்யா அன்றைக்கு டிவிக் கதவை மூடினார். அதன்பிறகு அவர் கையால் திறக்கவே இல்லை. அந்தப் பெண்களும் வருவது நின்றது. பிறகு நம் அரசாங்கமே இராமேஸ்வரத்தில் ஒளிபரப்புக் கோபுரம் கட்டி டிவியைத் தெளிவாகக் கொடுத்தது. கேபிள் வந்தது, டிஷ் வந்தது. ஆண்டெனாக்கள் கடலைப் பார்ப்பதை நிறுத்தின. எங்கள் குழாயைக் கழற்றித் துணி காயப்போடும் கொடிக்கு நட்டுவிட்டோம். எத்தனையோ சிக்ஸர்கள் அடித்தார்கள், எந்த வீட்டிலும் யாரும் குலவை போடவில்லை. மதினி எந்தக் கல்யாண வீட்டிலும் குலவை போட்டு நான் கேட்டதில்லை. தாலி இழந்தவரைப் போடச் சொல்லிக் கூப்பிடவும் யாரும் இல்லை. அண்ணன் பேசிய கேசட்டில் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டது. அந்தக் குரலும் அப்படிப் போனது.

மாரி வளர்ந்தாள். "போட்டோவுல இருக்குற அப்பா அசைய மாட்டேங்குறாரே சித்தப்பா" என்று சின்னதில் ஒருநாள் கேட்டாள். அசைகிற அப்பாவை நீ பார்த்திருக்கிறாய், உன்னைத் தூக்கிப் பிடித்து அம்மா காட்டினார் என்று சொன்னேன். "நீங்க பாத்தீகளா?" என்றாள். "நான் மேல இருந்தேன்" என்றேன். இப்போது அவள் இராமநாதபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். வேலை நேரம் போக, போனில் பழைய மேட்ச்சுகளாகத் தேடிக்கொண்டிருப்பாள் என்று அவள் புருஷன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது மதினி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. தலைக்குக் குளித்திருந்தார், நல்ல சேலை கட்டியிருந்தார். பூ இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒன்றும் கேலி பேசவில்லை.

"அதே மேட்ச்சுதானா?" என்று, முந்தின நாளே ஊருக்கு வந்திருந்த மாரியிடம் கேட்டேன்.

"முருகேசன் சித்தப்பாட்ட ஆரம்பத்த மட்டும் காட்டினேன், மிச்சத்த நான் இன்னும் பாக்கல. ஒவ்வொரு அவுட்டும் அவரு முன்னாடியே சொல்லிட்டாரு. அதேதானாம்."

மாரி போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்றேன். படம் வந்ததும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கலர்ல இருக்கே!"

ஆமாம், கலரில் இருந்தது. அன்றைக்கு நாங்கள் சாம்பலாகப் பார்த்த மைதானம் பச்சையாக இருந்தது. தூரத்தில் கூட்டம் பல நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"இப்பச் செவப்புத் தெரியும்ல?" என்றார் மதினி.

இலங்கை ஆடுகிற இடத்துக்கு மாரி படத்தைத் தள்ளிக்கொண்டுபோனாள். இலங்கை ஆட்டக்காரன் ஒருவன் இறங்கி வந்து மட்டையைச் சுழற்றினான். பந்து மேலே போனது. கயிற்றோரம் நின்ற நம் ஆள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடி, முதுகைக் காட்டித் திரும்பி, பந்து விழப்போகிற பக்கம் பார்த்து நின்றான். கேமரா இறங்க ஆரம்பித்தது.

அடுத்த பந்து வந்துவிட்டது.

வேறொருவன் ஓடிவந்து பந்து வீசிக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் புரியவில்லை. மாரி கையால் தள்ளிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி போட்டாள். மட்டை சுழன்றது, பந்து ஏறியது, அவன் திரும்பினான், அடுத்த பந்து. முன்னும் பின்னும் பார்த்தோம். எல்லா சிக்ஸரும் அப்படியே இருந்தது. எல்லா விக்கெட்டும் இருந்தது. யாரோ ஒரு நல்லவர் பார்க்கிறவர்களுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று கூட்டத்தை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்.

"ஆட்டத்த மட்டும் வச்சிருக்காங்க சித்தப்பா" என்று சொல்லும்போதே மாரி அழுதுவிட்டாள். அவ்வளவு பெரிய பெண், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வைத்திருக்கிறவள், தேம்பித் தேம்பி அழுதாள். முழுசாக எங்காவது இருக்கும், தேடலாம் என்றேன். தேடிவிட்டேன், இது ஒன்றுதான் இருக்கிறது என்றாள்.

மதினி அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கயித்துப் பக்கம் நிக்கிறான்ல, அந்தத் தம்பி," என்றார். "அவன் அவுகளப் பாத்திருக்கான். அவன் பாக்குற பக்கந்தான் நின்னாக. இன்னொருக்கா போடு."

மாரி தேம்பியதில் படம் ஆடியது.

"நீங்க பிடிங்க தம்பி" என்று மதினி என்னிடம் சொன்னார். வாங்கிப் பிடித்தேன். "விட்றாதிக."

நான் விடவில்லை. இந்தத் தடவை பிடித்துக்கொண்டே நானும் பார்த்தேன். பந்து மேலே போனது. அவன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அண்ணன் நின்ற பக்கம் பார்த்தான். அடுத்த பந்து வந்தது.

"இன்னொருக்கா" என்றார் மதினி.